நல்ல கற்பித்தலுக்கு என்ன சான்று வைப்பது?

வணக்கம். மதுரைப் பக்கம் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பிக்கிறேன். எங்கள் துறையின் மூத்த பேராசிரியை ஒருவரைக் கல்லூரியின் சிறந்த ஆசிரியர் விருதுக்கு இரண்டு ஆண்டுகளாகப் பரிந்துரைக்கிறேன். இரண்டு முறையும் ‘ஆய்வுக் கட்டுரைகள் குறைவு’ என்று கோப்பு திரும்பிவிட்டது. கற்பித்தலுக்கான விருதுக்கு இதுவா அளவுகோல்?

22 ஆண்டுகளாக வெப்ப இயக்கவியல் நடத்துகிறார். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்து ஆங்கிலப் பாடநூலைப் பார்த்து மிரளும் பிள்ளைகளை, வகுப்பு முடிந்த பிறகும் உட்காரவைத்து, என்ட்ரோபி என்ற வெப்ப இயக்கவியல் கருத்தைத் தாங்களே கணக்குப் போட்டுப் புரிந்துகொள்ளும்வரை விடமாட்டார். நானும் அவரிடம் அப்படிப் படித்தவள்தான்.

விருதுக் குழுவிடம் மாணவர் கருத்துப் படிவங்களைக் கொடுத்தேன். எல்லோருக்கும் ஏறக்குறைய அதே மதிப்பெண்தான் என்றார்கள். தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டினேன். வினாத்தாள் எளிது என்றார்கள். முன்னாள் மாணவர்களின் 11 கடிதங்களை வெறும் புகழுரை என்று ஒதுக்கினார்கள். வகுப்பை நேரில் வந்து பாருங்கள் என்று கேட்டேன், பதில் இல்லை.

தேசிய நல்லாசிரியர் விருது 2023 முதல் உயர்கல்வி ஆசிரியர்களுக்கும் வழங்கப்படுகிறது. அதற்கும் அவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். கல்லூரிக் குழுவுக்கு மீண்டும் கோப்பு கொடுக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

இத்தகைய குழுக்களில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: கற்பித்தல் திறனுக்கு எந்த ஆவணத்தை நீங்கள் மறுக்காமல் ஏற்றுக்கொண்டீர்கள்?