திம்பம் ஏற்றத்தில் நின்று நின்று போகும் பழைய டீசல் பிக்கப், உதவி தேவை

மஞ்சக்காடு:

வணக்கம். சாம்ராஜ்நகரில் ஒரு லாட்ஜில் இருந்து எழுதுகிறேன். வண்டி அப்பாவுடைய 2003 மாடல் டீசல் பிக்கப். நான்கு சிலிண்டர், டர்போ இல்லை, இன்ஜினுக்கு டீசலை அழுத்தித் தருவது ரோட்டரி பம்ப், 3,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இருபது வருடமாக ஈரோடு மார்க்கெட்டுக்கு மஞ்சள் ஏற்றிய வண்டி என்பதால் விற்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. இந்த வண்டியிலேயே நஞ்சன்கூடு கோயிலுக்குப் போக வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. அப்பா, அம்மா, நான் மூவரும் கிளம்பினோம்.

பண்ணாரி வரை ஒரு குறையும் இல்லை. திம்பம் ஏற்றத்தில் 9-ஆவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் இழுவை குறைந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தும் ஏறவில்லை, இரண்டு முறை குலுங்கிவிட்டு நின்றுவிட்டது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின்தான் பிடிக்கவில்லை. ஃபில்டர் மேல் இருக்கும் கை பம்பை முப்பது, நாற்பது தடவை அழுத்திய பிறகு பிடித்தது. 27 வளைவும் முடிவதற்குள் இப்படி நான்கு முறை. ஒவ்வொரு முறையும் அம்மா இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தார். மேலே ஏறிய பிறகு ஆசனூருக்குள் ஒரே ஒரு முறைதான் நின்றது.

சாம்ராஜ்நகர் வந்ததும் டேங்கை நிரப்பிக்கொண்டு ஒரு மெக்கானிக்கிடம் விட்டோம். டீசல் ஃபில்டரும் கை பம்பும் புதிதாகப் போட்டார், 2,600 ரூபாய். அதன்பின் நஞ்சன்கூடு, மைசூர் என்று இரண்டு நாள் அருமையாக ஓடியது. சரியாகிவிட்டது என்றே நினைத்தோம். இன்று திரும்பும்போது சாம்ராஜ்நகருக்கு முன்னால், சமமான ரோட்டிலேயே, அதே மாதிரி நின்றுவிட்டது. எங்கும் டீசல் ஒழுகவில்லை. டெம்பரேச்சர் முள் நடுவில்தான் இருக்கிறது.

நாளை மலை இறங்க வேண்டும். அப்பாவுக்கு 71 வயது. என்ன பார்க்கலாம், சொல்லுங்கள்.

சத்தி டெம்போ:

ஃபில்டருக்கு அடியில் உள்ள டீசல் வடிக்கும் டிரெயின் திருகைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். டேங்க் மூடியையும் பாருங்கள். மூச்சுத் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடமாகி டீசல் வராது. வண்டி நின்ற உடனே மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும்.

கரும்புலாரி:

3 லட்சம் கி.மீ. ஓடிய ரோட்டரி பம்ப் என்றால் பம்ப் தேய்ந்திருக்கும் சார். பம்ப் வேலைக்கு 20,000-க்கு மேல் ஆகும். வண்டியை லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டு வருவதுதான் நல்லது.

பம்ப் பட்டறை:

தம்பி, இப்போதைக்குப் பம்பைத் தொட வேண்டாம். தேய்ந்த பம்ப் பெரும்பாலும் சூட்டில்தான் பிடிக்காது, ஆறியதும் பிடிக்கும். கை பம்ப் அழுத்தினால் சரியாகிறது என்றால் வழியில் எங்கோ காற்று நுழைகிறது, அல்லது டீசல் வரத்து அடைபடுகிறது. எது என்று கண்டுபிடிக்கும் முன் சாமான் மாற்றினால் பணம்தான் போகும்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். நின்ற பிறகு செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகை வருகிறதா? கை பம்ப் அழுத்தும்போது முதலில் கையில் இறுக்கம் தெரிகிறதா, வெறுமையாக இருக்கிறதா? ஒவ்வொரு முறை நின்றபோதும் டேங்கில் டீசல் எவ்வளவு இருந்தது?

இன்னொன்று. பிடிக்கவில்லை என்று செல்ஃபை நீளமாக அடிக்காதீர்கள். ரோட்டரி பம்ப்புக்கு டீசல்தான் எண்ணெய். காய்ந்து சுற்றினால் உள்ளே உரசிப் போகும். பத்து வினாடி அடித்தால் அரை நிமிடம் விடுங்கள்.

மஞ்சக்காடு:

நன்றி அண்ணா. புகை துளிகூட வரவில்லை. கை பம்ப் முதல் பத்துப் பதினைந்து அழுத்தல் வெறுமையாக இருக்கிறது, அப்புறம்தான் இறுகுகிறது. டிரெயினில் பிடித்த டீசல் சுத்தம், தண்ணீர் இல்லை. மூடியைத் திறந்தபோது சத்தமும் இல்லை.

டீசல் அளவை நான் யோசிக்கவே இல்லை. ஊரில் கிளம்பும்போது பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. கர்நாடகாவில் விலை குறைவு என்று நிரப்பாமல் வந்தோம். இன்று நின்றபோது முள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

பம்ப் பட்டறை:

அப்படியானால் விஷயம் ஏறக்குறைய தெரிந்துவிட்டது. மெக்கானிக் ஃபில்டர் மாற்றிய அன்றுதான் டேங்கும் நிரம்பியிருக்கிறது. வண்டியை ஓட வைத்தது ஃபில்டர் இல்லை, டேங்கில் இருந்த டீசல் மட்டம் என்பது என் கணிப்பு.

டேங்குக்குள் மேலிருந்து அடி வரை ஒரு உறிஞ்சும் குழாய் இறங்கும். பழைய வண்டியில் அது துருப்பிடித்து நடுவில் ஊசித் துளை விழும், அல்லது பற்றவைப்பு விரியும். டீசல் அந்தத் துளைக்கு மேலே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. கீழே இறங்கியதும் டீசலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். உங்கள் வண்டியில் டேங்கிலிருந்து பம்ப் வரை முழுவதும் உறிஞ்சும் பக்கம். அதில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் எல்லாம் காய்ந்து சுத்தமாகத் தெரிகிறது.

ஏற்றத்தில் டேங்கும் சாயும், டீசல் பின்பக்கம் ஓடும். குழாய் கேபின் பக்கம் இருந்தால் அங்கே மட்டம் இன்னும் குறையும். அதே அளவு டீசலில் சமரோட்டில் வராத கோளாறு திம்பத்தில் முன்கூட்டியே வந்ததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள்.

ஆனாலும் என் பேச்சை மட்டும் நம்பி டேங்கை இறக்க வேண்டாம், சோதித்துவிடுங்கள். ஹார்டுவேர் கடையில் கொத்தனார் தண்ணீர் மட்டம் பார்க்கும், கண்ணாடி போல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் கிடைக்கும். ஒரு மீட்டர் வாங்கி, டேங்கிலிருந்து வரும் ஓஸைக் கழற்றி நடுவில் மாட்டுங்கள், கிளிப் போட்டு இறுக்குங்கள். இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் ரேஸ் செய்யுங்கள். டேங்க் பக்கத்திலிருந்தே குமிழி வந்தால் கோளாறு டேங்குக்குள். அங்கே சுத்தமாக இருந்து ஃபில்டருக்கு அப்புறம் குமிழி வந்தால் நடுவில் உள்ள ஓஸ், செம்பு வாஷர், ஃபில்டர் தலையில் உள்ள ரப்பர் வளையம் ஆகியவற்றைப் பாருங்கள். புது ஃபில்டர் போட்டவர் பழைய வளையத்தையே விட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

அடுத்து 5 லிட்டர் கேனில் டீசல் வைத்து, உறிஞ்சும் ஓஸையும், மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஓஸையும் அதில் போட்டு ஓட்டுங்கள். ரிட்டர்னை மறந்தால் கேன் சீக்கிரம் காலியாகும். கேனில் குமிழி இல்லாமல் ஓடினால் பம்ப், ஃபில்டர், இன்ஜின் எல்லாம் நல்லதாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த டியூப் சோதனைக்கு மட்டும்தான். டீசலில் நாளடைவில் விறைத்து வெடிக்கும்.

மஞ்சக்காடு:

அண்ணா, காலையிலேயே செய்துவிட்டேன். டேங்க் வாயிலிலேயே டியூப் மாட்டினேன். ஓடவிட்டதும் வரிசையாகக் குமிழி, சோடா பாட்டிலில் வருவது போல. கேனில் ஓட்டினால் பதினைந்து நிமிடம் ஒரு குமிழி இல்லை. பிறகு டேங்கில் 25 லிட்டர் ஊற்றி, டேங்கிலிருந்தே மறுபடி ஓட்டினேன். குமிழி நின்றுவிட்டது! அப்பா குனிந்து அந்த டியூபையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் சொன்னபடி குழாயும் கேபின் பக்கம்தான் இறங்குகிறது. இப்படியே மலை இறங்கலாமா?

பம்ப் பட்டறை:

டேங்கை முழுதாக நிரப்பிக்கொண்டு தாராளமாக இறங்கலாம். குழாய் கேபின் பக்கம் என்பதால் இறக்கத்தில் டீசலும் அந்தப் பக்கம்தான் வரும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இந்த மாதிரி டீசல் வண்டியில் பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு வேக்குவம் (வெற்றிடம்) தரும் பம்ப் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்து சுற்றுகிறது. இன்ஜின் சுற்றாவிட்டால் இரண்டு மூன்று மிதியிலேயே பிரேக் கல்லாகிவிடும். இரண்டாவது கியரில் இறங்குங்கள், நியூட்ரல் போடவே கூடாது. வழியில் இன்ஜின் அணைந்தாலும் கிளட்ச்சை மிதிக்காதீர்கள். கியரில் இருக்கும்வரை சக்கரமே இன்ஜினைச் சுற்றும், பிரேக்கும் இருக்கும். அப்படியே ஓரம் கட்டி, கை பிரேக் போட்டு, கல் வையுங்கள்.

சத்தி டெம்போ:

பகலிலேயே இறங்கிவிடுங்கள். இரவுத் தடை இருக்கிறது, மாட்டிக்கொண்டால் செக்போஸ்ட்டில் விடியும்வரை காத்திருக்க வேண்டும். 2013-இல் புலிகள் காப்பகம் ஆன காடு அது. காரப்பள்ளம், ஆசனூர் பக்கம் கரும்பு லாரிக்காக யானைகள் ரோட்டிலேயே நிற்கும். வண்டி நின்றாலும் முன்பின் பார்க்காமல் அப்பாவையும் அம்மாவையும் இறக்காதீர்கள். பண்ணாரி வந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.

மஞ்சக்காடு:

பண்ணாரி வந்து சேர்ந்தோம். ஒரு முறைகூட நிற்கவில்லை. அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

மஞ்சக்காடு (ஒன்பது நாள் கழித்து):

முடிவையும் எழுதிவிடுகிறேன். ஊரில் டீசலை வடித்து டேங்கை இறக்கினோம். மேல் தட்டில் ஆறு திருகு, கழற்றியதும் குழாய் கையோடு வந்துவிட்டது. பாதி உயரத்தில் துரு தின்ற ஒரு துளை, குண்டூசித் தலை அளவுதான். அதற்குச் சற்று மேலே இன்னொன்று விழத் தயாராக இருந்தது. குழாயின் அடியில் உள்ள வடிகட்டி வலையிலும் பாதி அடைப்பு.

பழைய குழாயில் ஈயம் வைக்கலாம் என்றார்கள், அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. தட்டை மட்டும் வைத்துக்கொண்டு புதுச் செம்புக் குழாய் வைத்துப் பித்தளைப் பற்று போட்டோம். டேங்குக்குப் பக்கத்தில் நெருப்பு கொண்டுபோகாமல் தட்டைத் தனியாகப் பட்டறைக்கு எடுத்துப் போனோம். புது வலை, புது ரப்பர் வளையம், கூலி எல்லாம் சேர்த்து 950 ரூபாய். கால் டேங்குக்கும் கீழே வரும்வரை ஓட்டிப் பார்த்தோம், பெருந்துறை மேட்டிலும் ஏற்றினோம். டியூபில் குமிழி இல்லை.

பம்ப் பட்டறை:

மகிழ்ச்சி தம்பி. குழாயே துருப்பிடித்தது என்றால் டேங்க் உள்ளேயும் துரு இருக்கும். 1,000 கி.மீ. ஓடியதும் ஃபில்டரை இன்னொரு தடவை மாற்றிவிடுங்கள். கழற்றியதைத் தூக்கிப் போடாமல் வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்மண் மாதிரி இருந்தால் டேங்கைக் கழுவ வேண்டும்.

மஞ்சக்காடு:

செய்கிறேன் அண்ணா. திங்கட்கிழமை அப்பா மஞ்சள் ஏற்றிக்கொண்டு மார்க்கெட் போகிறார். டேங்கில் கால் அளவுதான் இருக்கிறது, வேண்டுமென்றே நிரப்பவில்லை.