கப்பா கப்பா காமா பேட்ஜ்: உரியவரைக் கண்டுபிடிக்க உதவி தேவை

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரத்துப் பழைய துணிக்கடை ஒன்றில் வாங்கிய கம்பளிக் கோட்டின் உட்பையில் கப்பா கப்பா காமா என்ற சொராரிட்டியின் (அமெரிக்கக் கல்லூரி மாணவியர் சங்கம்) பேட்ஜ் கிடைத்தது. தங்கச் சாவி வடிவம். தண்டில் சங்கத்தின் மூன்று கிரேக்க எழுத்துகள், சாவிப் பல்லில் ஆல்ஃபா, ஒமேகா, ஒமிக்ரான். முகப்பில் பொடி முத்துகள், பின்னால் 10 காரட் முத்திரை. எந்தக் கல்லூரிக் கிளை என்று காட்டும் சின்ன 'கார்டு பின்' (guard pin, பேட்ஜோடு சங்கிலியில் இணைந்த துணை ஊசி) சங்கிலியோடு அறுந்துபோயிருக்கிறது. அதுதான் பெரிய சிக்கல்.

பின்புறம் பொறித்த பெயரெழுத்துகளில் கடைசி எழுத்து துணியில் உரசித் தேய்ந்துவிட்டது. 10 மடங்கு லூப்பில் (நகைக்காரர் உருப்பெருக்கி), பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தாயிற்று. மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தும் தெரியவில்லை. அல்ட்ராசோனிக் சுத்தம் செய்யும் கருவியில் போடவில்லை, முத்தின் பசை விட்டுவிடும். ஒகையோ ஸ்டேட் பல்கலைக்கழக ஆண்டுமலரான 'மகியோ'வில் 1920 முதல் 1940 வரை கப்பா பக்கங்களைப் பார்த்தேன்; பொருந்தும் பெயர் இல்லை. பொறித்திருப்பது பிறந்த வீட்டுப் பெயராக இருக்கும் என்பதால் கோட்டின் உரிமையாளர் பெயரை வைத்துத் தேடுவதும் பயன்படாது.

எழுத்துகளை வேண்டுமென்றே இங்கே போடவில்லை. கேட்டு வருபவர் அவற்றைச் சொன்னால்தான் பேட்ஜ் அவருடையது என்று உறுதியாகும்.

கார்டு பின் இல்லாத பேட்ஜின் கிளையை வேறு எந்த அடையாளத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம்?