டிரை ஹாப் செய்த பியரில் வெள்ளைத் துகள்கள் மிதக்கின்றன, கொட்டிவிடுவதா?

நிலவறை_ஸ்கார்பரோ:
வணக்கம். நிலக்கீழ் அறையில் நானே காய்ச்சிய 20 லீட்டர் பேல் ஏல் (வெளிர்நிற பியர்) வைத்திருக்கிறேன். நொதிப்பு அடங்கியபின் மணத்துக்காக ஹாப்ஸ் பூ போட்ட (டிரை ஹாப்) பிறகு மேலே வெள்ளைத் துகள்கள் மிதக்கத் தொடங்கியுள்ளன. இதற்கு முன் ஆறு முறை காய்ச்சியும் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. சனிக்கிழமை போத்தலில் அடைக்க வேண்டும். இது பழுதாகிவிட்டதா? விரைவாகச் சொல்லுங்கள்.

மால்ட்மணி:
எந்த ஈஸ்ட், என்ன வெப்பநிலை, ஹாப்ஸ் போட்டு எத்தனை நாள் ஆயிற்று, பெல்லட்டா (அரைத்து அழுத்திய உருளை) முழுப்பூவா என்று ஒன்றையும் நீங்கள் குறிப்பிடவில்லை. மிதப்பவை தனித்தனித் துகள்களா, பாலாடை போன்ற படலமா என்பதையும் எழுதுங்கள்.

தெளிநீர்:
ஹாப்ஸிலிருந்து வரும் பாலிஃபீனால் என்ற துவர்ப்புப் பொருளும் மால்ட்டின் (முளைகட்டிய தானியத்தின்) புரதமும் சேர்ந்து உண்டாகும் குளிர்க் கலங்கலாகவே இருக்கும். ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து 20 பாகைக்குச் சூடேற விடுங்கள், மறைந்துவிட்டால் அதுதான்.

மால்ட்மணி:
குளிர்க் கலங்கல் பீர் முழுவதையும் மங்கலாக்குமே தவிர, துகளாகத் திரண்டு மேலே மிதப்பதில்லை. மேலும் அவர் இன்னும் குளிரவைத்ததாகவே சொல்லவில்லை.

மூத்தகாய்ச்சி:
மாதம் ஒருமுறை இதே கேள்வி வருகிறது, தம்பி. அடிப்படையைப் படித்துவிட்டு வாளியில் கை வைத்திருந்தால் இந்தக் கவலையே வந்திராது. துணிப் பையைக் கொதிநீரில் இட்டு, அதில் ஹாப்ஸைக் கட்டிப் போடுவதுதான் முறை. நான் பத்து ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன், ஒரு துகளும் வந்ததில்லை. தளர்வாகக் கொட்டியிருந்தால் காட்டு ஈஸ்ட், அதாவது நாம் போடாத வேற்று ஈஸ்ட், புகுந்திருக்கலாம். கொட்டிவிட்டு அடுத்ததைத் தொடங்கு.

ஹாப்பு_பித்தன்:
ஐயா, பையில் இறுக்கிக் கட்டினால் பெல்லட் ஊதிப் பெருத்து, நடுவில் உள்ளது நனையாமலே போய்விடும்; மணம் பாதிதான் இறங்கும். தளர்வாகப் போட்டு, பின்னர் குளிரவைத்து அடியில் படியவிடுவதே மேல்.

மூத்தகாய்ச்சி:
பையைப் பெரிதாகத் தைத்தால் நனையும். குளிரவைக்கும்போது வாளிக்குள் இருக்கும் வாயு சுருங்கி ஏர்லாக் (வாயுவை வெளிவிடும் நீரடைப்பு) வழியாக வெளிக்காற்றை உள்ளிழுக்கும் என்பதை நீங்கள் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஹாப்ஸ் மணத்தை அழிப்பது அந்த ஆக்சிஜன்தான்.

ஹாப்பு_பித்தன்:
அதில் உங்களோடு முரண்படவில்லை. ஆனால் அது குளிரவைக்கும் முறையின் குறையே தவிர, பை இல்லாததன் குறையன்று. பையைப் போடுவதற்கும் எடுப்பதற்கும் இரண்டு முறை மூடியைத் திறக்கும்போது புகும் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

நிலவறை_ஸ்கார்பரோ:
மன்னிக்கவும், இரவு வேலை. யூஎஸ்-05 ஈஸ்ட், 19 பாகை. ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, சர்க்கரை நொதிக்க நொதிக்க இறங்கும்) மூன்று நாள் 1.012-இலேயே நின்ற பிறகு 100 கிராம் சிட்ரா வகை ஹாப்ஸ் பெல்லட்டைத் தளர்வாகப் போட்டேன். இன்று ஐந்தாம் நாள். டோர்ச் அடித்துப் பார்த்தேன்: கடுகளவு முதல் விரல்நகத்தளவு வரை, வெண்ணெய் நிறம், சிலவற்றின் ஓரத்தில் பச்சை. அடங்கியிருந்த ஏர்லாக் மறுபடி குமிழ்விடுகிறது. புளித்த வாசம் இல்லை. ஹாப்ஸ் போட்ட பிறகு ஹைட்ரோமீட்டரில் ஒப்படர்த்தியை அளக்கவில்லை.

மால்ட்மணி:
இந்த விவரங்கள் வந்த பிறகு எனக்கு ஐயம் இல்லை என்றே சொல்வேன். ஹாப்ஸ் பூவில் மாவுப்பொருளைச் சிதைக்கும் நொதிகள் உண்டு. ஈஸ்ட்டால் உண்ண முடியாமல் எஞ்சியிருந்த டெக்ஸ்ட்ரின் எனும் நீண்ட சர்க்கரைத் தொடர்களை அவை எளிய சர்க்கரையாக வெட்டிவிடுவதால், அடங்கிப்போன ஈஸ்ட் மீண்டும் வேலை தொடங்குகிறது. இன்று ஹாப் கிரீப் என்று புதிதுபோலப் பேசப்படும் இதை, இங்கிலாந்தில் பிரவுன், மாரிஸ் என்ற வேதியியலாளர்கள் 1893-லேயே எழுதிவைத்தார்கள். அப்படி எழும் வாயு, ஈஸ்ட் கட்டிகளையும் ஹாப்ஸ் தூளையும் அடியிலிருந்து தூக்கி மேலே மிதக்கவிடுகிறது.

கிருமிநீக்கம் செய்த கரண்டியால் ஒரு துகளை எடுத்து விரல்களுக்கிடையே தேயுங்கள். வெண்ணெய்போல வழுக்கிக் கரைந்தால் ஈஸ்ட். பச்சைத் தூளாக உதிர்ந்து பிசினாக ஒட்டினால் ஹாப்ஸ். காட்டு ஈஸ்ட்டின் படலம் வேறு வகை: அது உலர்ந்த வெள்ளைத் தோலாகச் சுருங்கி, குமிழிகளைத் தன்னடியில் சிறைபிடித்து, மேற்பரப்பெங்கும் படரும். ஹாப்ஸின் கசப்பு லாக்டோபேசில்லஸ் எனும் புளிப்புப் பாக்டீரியாவை அடக்குமே ஒழியக் காட்டு ஈஸ்ட்டை அடக்காது என்பதால், பார்த்து உறுதிசெய்வது அவசியம்.

என் உண்மையான கவலை துகள் அன்று, உங்கள் சனிக்கிழமைதான். ஒப்படர்த்தி இரண்டு புள்ளி (1.012-இலிருந்து 1.010) இறங்கினால் ஏறக்குறைய பியரின் கனஅளவுக்குச் சமமான கார்பன் டைஆக்சைடு கூடுதலாகச் சேரும். அதன்மேல் நுரைக்காக லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரையும் போட்டு அடைத்தால் பாட்டில் வெடிக்கும் அபாயம் உண்டு, அது கண்ணைக் குத்தும் கண்ணாடி. இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு அளவுகளும் ஒன்றாக இருக்கும்வரை அடைக்காதீர்கள். வெண்ணெய் மிட்டாய் போன்ற வாசம் வந்தால் அது டைஅசிட்டைல் என்ற நொதிப்பு விளைபொருள். இன்னும் சில நாள் அதே சூட்டில் விட்டால் ஈஸ்ட்டே அதைத் தின்றுவிடும்.

மூத்தகாய்ச்சி:
நகத்தளவு என்பதும் ஏர்லாக் குமிழ்விடுகிறது என்பதும் முதலிலேயே வந்திருந்தால் கொட்டச் சொல்லியிருக்க மாட்டேன். பை பற்றிய என் கருத்து மாறவில்லை.

நிலவறை_ஸ்கார்பரோ:
தேய்த்தபோது வழுக்கியது. அன்று 1.010, இரண்டு நாள் கழித்து 1.009, நேற்றும் இன்றும் 1.009. அடுத்த சனிக்கிழமைதான் அடைப்பேன். மால்ட்மணி அண்ணாவுக்கு நன்றி.