டீசல் போறணையில் நெருப்பு ஏறி இறங்குகிறது, இடையில் அணைந்தும் போகிறது

கொக்குவில்_பாண்:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் சின்னதாகப் பேக்கரி நடத்துகிறோம். விறகுப் போறணையை விட்டுவிட்டு டீசல் பேர்னர் உள்ள தட்டுப் போறணைக்கு மாறிக் கொஞ்சக் காலம். இந்தக் கார்த்திகை மழை தொடங்கியதில் இருந்து நெருப்பு ஒரு சீராக நிற்பதில்லை. பற்றும்போது நன்றாகப் பற்றுகிறது, கொஞ்ச நேரத்தில் இளைப்புக்காரன் மூச்சு விடுவது போல ஏறி இறங்குகிறது, பிறகு சடசடவென்று வெடித்து அணைந்து சிவப்பு லைற் வந்துவிடுகிறது. பட்டனை அழுத்தினால் மறுபடி பற்றும், மறுபடி அதே கதை. பாண் உள்ளே இருக்கும்போது இப்படி நின்றால் அந்தத் தட்டு முழுவதும் மாட்டுக்குத்தான்.

மெக்கானிக் ஒருவர் வந்து டீசலை விசிறும் நொசிலை மாற்றினார், காற்றுத் தட்டையும் திருப்பிப் பார்த்தார். காற்றைக் கூட்டினால் நெருப்பு விலகி அணைகிறது, குறைத்தால் புகைக்கூட்டில் கரும்புகை. இப்போது முழுப் பேர்னரையும் மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா? டீசல் 200 லீற்றர் பரலில், வெளியே தாழ்வாரத்தில், பேர்னரை விடத் தாழ்வாக இருக்கிறது. அங்கிருந்து செப்புப் பைப், கடைசியில் ஒரு முழம் றப்பர் ரியூப்.

பொயிலர்_அண்ணை:
முதலில் அந்தச் சிவப்புப் பட்டன். ஒருமுறை அழுத்தலாம், அதற்கு மேல் தொடாதீர்கள். அணைந்த ஒவ்வொரு முறையும் எரியாத டீசல் அறைக்குள் தெளிபட்டுக் கிடக்கும், அடுத்த முறை பற்றும்போது எல்லாம் சேர்ந்து ஒரேயடியாகப் பற்றும். கதவு பறந்த இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் இங்கிலாந்தில் வீட்டு எண்ணெய்ப் பொயிலர் திருத்துகிறவன். காஸ் பைப் போகாத கிராமங்களில் வீடு சூடாவது இதனால்தான், பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடும். உங்கள் போறணையில் இருப்பதும் அதே வகைதான். ஒரே மோட்டர் விசிறியையும் பம்பையும் சுழற்றும், பம்ப் எண்ணெயை 7 முதல் 14 பார் வரை அழுத்தி நொசிலால் பனிப்புகார் போல அடிக்கும். பற்றும்போது சுத்தமாகப் பற்றுகிறது என்கிறீர்களே, அப்படியென்றால் பொறி விடும் கம்பிகளில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. நெருப்பு எரிகிறதா என்று பார்க்கும் சென்சர் கண் கரி பிடித்திருந்தாலும் சிவப்பு லைற் வரும், ஆனால் அதற்காக நெருப்பு மூச்சு வாங்காது. எண்ணெய் வருகிற வழியைப் பாருங்கள்.

தாழ்வான பரலில் இருந்து பம்ப் எண்ணெயை உறிஞ்சி எடுக்கிறது. அந்த வழியில் ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் பேர்னர் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். அதனால்தான் பார்க்க வருகிறவர்கள் பைப்பைத் தடவிவிட்டு "எங்கும் ஒழுக்கு இல்லை" என்று போய்விடுகிறார்கள். நெருப்பு ஏறி இறங்குவது காற்று, சடசடப்பது தண்ணீர். உங்களுக்கு இரண்டும் இருக்கும் போலத் தெரிகிறது.

ஒரு சோதனை செய்யுங்கள். கரன்டை நிறுத்திவிட்டு, பரல் பைப்பைப் பேர்னரில் இருந்து கழற்றி, நம்பகமான இடத்தில் வாங்கிய புது டீசலை ஒரு சுத்தமான கானில் விட்டு, பேர்னர் மட்டத்துக்கே வைத்துக் நீளம் குறைந்த புது ரியூப்பால் கொடுங்கள். பம்பில் உள்ள காற்றை எடுத்துவிட்டுப் பற்றவையுங்கள். கான் வெக்கைக்கு எட்டத்தில் இருக்கட்டும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். நெருப்பு நிலையாக நின்றால் பேர்னரில் ஒன்றும் இல்லை, வழியில்தான் பிழை. மற்றது, பரலின் அடியில் இருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் ஒரு இரவு வையுங்கள்.

முனைக்காற்று:
பருத்தித்துறையில் எங்கள் கடைக்கு வாடைக் காற்றுத்தான் வில்லன். புகைக்கூட்டின் வாய் கூரை முகட்டை விடத் தாழ்வாக இருந்தது, காற்று முகட்டில் மோதி உள்ளே இறங்கும், நெருப்பு பின்னால் தள்ளும். கூட்டை உயர்த்தித் தொப்பி போட்ட பிறகு சரி. காற்று அடங்கிய விடியப்புறத்திலும் உங்களுக்கு இப்படி நடக்கிறதா?

மின்சாரக்_கண்ணன்:
ஜெனரேட்டரில் ஓட்டும் நேரத்தில்தான் நடக்கிறதா என்றும் கவனியுங்கள். ஜெனரேட்டரின் வேகம் ஏறி இறங்கினால் மோட்டரும் கூடவே ஏறி இறங்கும், விசிறியும் பம்பும் அதில்தானே.

சிக்கனம்77:
பாதிக்குப் பாதி மண்ணெண்ணெய் கலந்து பாருங்கோ, நெருப்பு சுத்தமாக எரியும். நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம்.

பொயிலர்_அண்ணை:
தம்பி, லீற்றர் 87 ரூபாய்க்கு விற்ற காலத்தில் சொன்னால் ஆசையாவது புரியும். 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 340 ஆன சாமான் அது. காசை விடுங்கள், மண்ணெண்ணெய்க்கு வழுக்கும் தன்மை குறைவு, பம்ப் அதற்கு ஏற்றதா என்று பார்க்காமல் விட்டால் உள்ளே தேய்ந்துவிடும். எங்கள் பொயிலர்களில் அதற்கென்றே பம்ப் வருகிறது. அதுவும் பரலில் தண்ணீர் இருந்தால் எதைக் கலந்தும் பயன் இல்லை.

கொக்குவில்_பாண்:
விடியப்புறமும் நடக்கிறது, கரன்டிலும் நடக்கிறது, அதனால் வாடைக் காற்றும் ஜெனரேட்டரும் காரணம் இல்லை. கான் வைத்துப் பார்த்தோம் அண்ணை. ஒரு தட்டு பாணும் பணிசும் முழுதாக வெந்து இறங்கும் வரை அசையவில்லை.

போத்தலைப் பார்த்ததும் அம்மா இதிலா பாண் சுட்டோம் என்று கேட்டுவிட்டார். அடியில் இரண்டு விரல்கடை தெளிந்த தண்ணீர், அதற்கு மேல் மண்ணிறத்தில் சளி போல ஒரு ஆடை, அதற்கும் மேலேதான் டீசல். பரலின் மூடி றப்பர் வெடித்திருக்கிறது, தாழ்வாரத் தண்ணீர் நேரே அதில்தான் விழுகிறது. றப்பர் ரியூப்பை வளைத்தால் கிளிப்புக்குக் கீழே மயிர்க்கோடு மாதிரி வெடிப்புகள்.

ஆனால் ஒன்று. கானில் ஓடும்போதும் நெருப்பின் நுனி அறைச் சுவரில் படுகிறது, அங்கே கரி கட்டுகிறது. பழைய நொசிலில் 1.25, 60° என்று இருக்கிறது. இப்போது போட்டிருப்பதில் 1.50, 80°.

பொயிலர்_அண்ணை:
சரி, கரும்புகைக்குக் காரணம் அதுதான். அந்த முதல் எண் மணிக்கு எத்தனை கலன் என்பது, அமெரிக்கக் கலன், 7 பார் அழுத்தத்தில். 1.25 என்றால் 4.7 லீற்றர், 1.50 என்றால் 5.7. பாகை என்பது விசிறும் அகலம். மணிக்கு ஒரு லீற்றர் கூட்டி, அகலமாகவும் அடித்தால் எண்ணெய் சுவரில் படாமல் எங்கே போகும்? காற்றுத் தட்டைத் திருப்பி இதைச் சரிசெய்ய முடியாது. பேர்னர் தகட்டில் அல்லது கையேட்டில் என்ன நொசில் என்று இருக்கும், அதையே புதிதாக வாங்குங்கள். பழையதைக் கம்பி விட்டுக் குத்தித் துப்புரவாக்கிப் போட வேண்டாம், துவாரம் கீறினால் புகார் ஒரு பக்கமாகச் சாயும்.

பரலை முழுதாக இறக்கிக் கழுவுங்கள், அடித் தண்ணீரை மட்டும் எடுத்தால் அந்தச் சளி மிஞ்சி மறுபடி பில்டரை அடைக்கும். உறிஞ்சும் பைப்பின் வாய் அடியில் இருந்து நாலு விரல் உயரத்தில் நிற்கட்டும். ரியூப் டீசலுக்கென்று விற்பதாக இருக்க வேண்டும், தண்ணீர் ரியூப் ஊறிப்போகும். பில்டர் புதிது. பம்புக்குள்ளும் ஒரு சின்ன வலை இருக்கும், மூடியைக் கழற்றினால் தெரியும், தண்ணீர் நின்றதால் அதில் கறள் இருக்கும், அதையும் கழுவுங்கள்.

பம்ப் மூடியைத் திரும்பப் பூட்டும்போது காற்றுப் புகாமல் அடைக்கும் வளையமும் புதிது போடுங்கள், பழையதைப் போட்டால் அதாலேயே காற்று இழுக்கும்.

கொக்குவில்_பாண்:
வளையம் யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா, கொழும்புக்குத்தான் சொல்ல வேண்டுமா?

முனைக்காற்று:
டீசல் பம்ப் திருத்துகிற கடைகளில் கேளுங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோனால் அளவு பார்த்து எடுத்துத் தருவார்கள்.