அது அவன் வீட்டுக் கதவு எண்

ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

மலேசியாவிலுள்ள எங்கள் தோட்டப் பட்டணத்துச் சொல்லிசைப் (ராப்) பாடகனைப் பாராங் எனும் வெட்டுக் கத்தியால் வெட்டிக் கொன்ற செய்தி வந்தபோது, நான் பார்த்த பத்திரிகைகள் அவன் பெயரோடு 'குண்டர் கும்பல்' என்பதையும் சேர்த்தே அச்சிட்டிருந்தன. அவனுக்கு மூன்று ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பெயரை மட்டும் எழுதவில்லை. அவனுடைய தாயார் இன்னமும் இந்த ஊர்ச் சந்தைக்குத்தான் போய் வருகிறார்.

2006இல் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' சொல்லிசைத் தொகுப்பு வெளிவந்தபோது அவன் ஐந்தாம் ஆண்டு மாணவன். செய்யுள் ஒப்புவிக்கச் சொன்னால் தடுமாறுகிறவன், 'மடை திறந்து' பாடலை ஓய்வு நேரத்தில் மூச்சு விடாமல் சொல்லி முடிப்பான். அதே வேகத்தில் மூதுரையைச் சொல்லிப் பார் என்று ஒரு நாள் கேட்டேன். மேசையில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டே அட்டாலும், நட்டாலும், கெட்டாலும், சுட்டாலும் என்று நான்கு அடியையும் பிசகாமல் முடித்துவிட்டு, "டீச்சர், இதுல எதுகை தானா வந்து விழுது" என்றான். எதுகை என்ற சொல்லை நான் அந்த வகுப்பில் கற்பித்திருக்கவில்லை. அது அவனுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவனுடைய முதல் பாட்டில் ஓர் எண் திரும்பத் திரும்ப வரும். இந்நாட்டில் சில கும்பல்களுக்கு எண்தான் பெயர். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டு, அவற்றின் 40,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் இந்தியர்கள் என்று அறிவித்த பிறகு, தமிழ் இளைஞன் ஒருவன் வாயில் எந்த எண் வந்தாலும் கேட்பவர் காதில் அது ஒரே பொருளில்தான் விழுந்தது. ஆனால் இவன் பாடியது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான தன் லயத்து வீட்டின் கதவு எண்ணை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் அவன் முகவரியாக அந்த எண்ணை எழுதியவள் நான். ரப்பர் பால்மரங்களை வெட்டிச் செம்பனை எனும் எண்ணெய்ப் பனை நட்ட தோட்டம் பிறகு வீடமைப்புக்கு விற்கப்பட்டது; லயங்கள் இடிக்கப்பட்டன; குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிக்குப் போயின. பாட்டு முழுவதும் அதைப் பற்றியதுதான். கடைசி வரை கேட்டவர்கள் எத்தனை பேர்?

கார் பட்டறையில் உடன் வேலை செய்தவர்:

டீச்சர் எழுதியதைப் படித்த பிறகுதான் எழுதத் துணிந்தேன். எண்ணை எடுத்துவிடு என்று நானே அவனிடம் இரண்டு முறை சொன்னேன். ஒரு கூட்டம் அவனைத் தங்கள் ஆள் என்று சொல்லித் திரிந்ததோடு, கோயில் திருவிழா மேடையில் அந்த எண்ணை உரக்கச் சொல்லும்படி கேட்டுப் பணமும் நீட்டியது. எதிர்க் கூட்டம் அதே காரணத்துக்காக அவனைக் குறித்து வைத்துக்கொண்டது. அவன் பணத்தை வாங்கவும் இல்லை, எண்ணை எடுக்கவும் இல்லை. "வீட்டத்தான் இடிச்சிட்டாங்கண்ணே, நம்பரையும் நானே இடிக்கவா?" என்று கேட்டான். எல்லோரும் இதைத் துணிச்சல் என்பார்கள். எனக்கு அது பிடிவாதமாகவே பட்டது; அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அன்றிரவு உணவுக்கடை எதிரே நான் காரிலேயே இருந்தேன். அவன் இரண்டு தே தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) பையில் கட்டி வாங்கிக்கொண்டு சாலையைக் கடக்கும்போது நான்கு பேர் இறங்கினார்கள். நான் கதவைத் திறந்து ஓடிச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ரப்பர் வளையம் போட்ட இரண்டு பிளாஸ்டிக் பைகளும் அவன் விரலில் மாட்டியபடியே கிடந்தன. ஒன்றுகூட உடையவில்லை, தொட்டபோது சூடாகவே இருந்தன. இருவர் மீது குற்றவியல் சட்டம் 302ஆவது பிரிவின் கீழ் வழக்கு நடக்கிறது. நான் சாட்சி என்பதால் அதைப் பற்றி இதற்கு மேல் எழுதக் கூடாது.

உறுமி மேளக் குழுவில் வாசிப்பவர்:

வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது உறுமியில் எழும் இழுப்பு எவ்வளவு நேரம் நிற்கும், அதற்குள் எத்தனை சொல்லை அடக்கலாம் என்று எங்கள் பயிற்சிக் கொட்டகையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவன் அவன். சவப்பரிசோதனை முடிந்து உடல் வந்த மறுநாள் நாங்கள்தான் வாசித்தோம். நண்பர்கள் அவன் நினைவாக அந்த எண்ணை அச்சிட்ட சட்டைகளை அணிந்து வந்திருந்தார்கள். சுடுகாட்டு வாசலில் காவல் துறையினர் நிறுத்தி, கழற்றச் சொன்னார்கள். அது அவன் வீட்டு எண் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பையன்கள் சட்டைகளை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

மீண்டும் ஆசிரியை:

தலைமையாசிரியரின் அனுமதியோடு பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு, சென்ற வாரம் தாயாரைப் பார்க்கப் போயிருந்தேன். லயம் இடிபட்ட நாளில் அவன் கதவிலிருந்து பெயர்த்தெடுத்த எண் தகடு அங்கே இருந்தது. பச்சைச் சாயத்தின் மேல் வெள்ளையில் எழுதிய சிறிய தகரத் துண்டு. உறவினர் சொன்னதால் அதை வாசலிலிருந்து எடுத்து, அரிசி வாளிக்குப் பின்னால், எழுத்து தெரியாதபடி சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்திருந்தார். நகலை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது நீங்க எழுதினதுதானே டீச்சர், கோர்ட்டுல கேட்டா சொல்லுவீங்கல்ல?" என்றார்.

சொல்வேன் என்றேன். இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.