ஃபைபர் அடிக்கடி கட் ஆகுதா? கம்பெனி மாற்றும் முன்னும் மாற்றும் நாளிலும்

பழுது எங்கே?

மழைக்காலம் வந்தாலே சென்னையில் இதே பேச்சு. நெட் வருது, போகுது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்கிறார்கள். கடுப்பில் மறுநாளே வேறு கம்பெனிக்குப் பணம் கட்டிவிடுகிறோம். கட்டும் முன் பழுது எங்கே என்று பிடித்தாக வேண்டும். இடம் நான்குதான்: வீட்டு வைஃபை, மோடமும் அதன் அடாப்டரும், கம்பத்திலிருந்து வரும் ஒயர், அதற்குப் பின்னால் கம்பெனியின் நெட்வொர்க். கம்பெனி மாற்றினால் முதல் இடம் அப்படியேதான் இருக்கும். பல தெருக்களில் மூன்றாவதும் மாறாது.

சோதிக்க ஒரு லேப்டாப், ஒரு லேன் கேபிள் போதும். வைஃபையை அணைத்துவிட்டு கேபிளை மோடத்தில் நேராகச் செருகுங்கள். இரண்டு கமாண்ட் விண்டோ திறந்து, ஒன்றில் மோடத்தின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1, மோடத்தின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும்), இன்னொன்றில் 8.8.8.8-க்கு (வெளியே உள்ள கூகுள் சர்வர்), நிற்காமல் பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கமாண்ட்) ஓட விடுங்கள். நெட் நிற்கும் அந்த நிமிடத்தில் பாருங்கள். முதல் விண்டோவே நின்றால் பழுது கேபிளிலோ மோடத்திலோ. முதலாவது ஓட, இரண்டாவது மட்டும் நின்றால் மோடத்து விளக்கைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பில் மின்னினால் ஒளியே வரவில்லை, ஒயர் பழுது. பான் விளக்கு (ஃபைபர் இணைப்பைக் காட்டுவது) நிலையாகப் பச்சையில் இருந்தும் 8.8.8.8 பதில் தரவில்லை என்றால் கோளாறு கம்பெனி பக்கம். 8.8.8.8 ஒழுங்காகப் பதில் தந்து இணையதளம் மட்டும் திறக்கவில்லையா? டிஎன்எஸ் கோளாறு, அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவையில் பழுது. நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக 1.1.1.1 போட்டால் தீர்ந்துவிடும், அதற்காக யாரும் கம்பெனி மாற்ற வேண்டாம்.

இரண்டு விண்டோவும் கேபிளில் சுத்தமாக ஓடி, போனில் மட்டும் நெட் திணறினால் அது வைஃபை. அடுக்குமாடியில் 2.4 கிகாஹெர்ட்ஸில் பக்கத்து வீடுகள் எல்லாம் மோதிக்கொள்ளும். சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வையுங்கள். டிவி, லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

ஒயரும் ஒளியும்

ஒயர் பழுதுக்கு விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். விளக்கு பச்சையில் இருக்கும்போதே ஒளி பலவீனமாக இருக்கலாம். மோடத்தின் முகவரியை பிரவுசரில் திறந்து லாகின் செய்து உள்ளே போனால் பான் நிலவரத்தில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் பலம்) என்று ஓர் எண் இருக்கும், அளவு டிபிஎம். அதைக் குறித்து வையுங்கள்.

ஜிபான் லைனில் (ஒரே ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரிக்கும் முறை) கம்பெனி பக்கம் சுமார் +3 டிபிஎம்மில் ஒளி கிளம்புகிறது. 32 வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர்களில் 17 டெசிபல் போல இழக்கும். மூன்று கிலோமீட்டர் கேபிளில் ஒன்று, இணைப்புகளில் ஒன்றோ ஒன்றரையோ. ஆக வீட்டுக்கு மைனஸ் 17 அளவில் வர வேண்டும். மைனஸ் 24 வரை பயமில்லை. மைனஸ் 27-ஐத் தொட்டால் மோடம் தத்தளிக்கும்: பகலில் வேலை செய்யும், மழையில் போகும். ஒவ்வொரு 3 டெசிபல் குறைவுக்கும் ஒளி பாதியாகிறது. அதனால் மைனஸ் 18-இல் இருந்தது 24 ஆகிவிட்டால், நெட் ஓடிக்கொண்டிருந்தாலும் ஒயரில் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம்.

என்ன நடந்திருக்கும்? பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதலாவது, நுனியில் போட்ட பாஸ்ட் கனெக்டர். மெஷின் வைத்து உருக்கி ஒட்டாமல், கையால் வெட்டிச் செருகி அழுத்திவிடும் வகை. உள்ளே இரண்டு கண்ணாடி நுனிகள் ஒரு துளி ஜெல்லில் முட்டி நிற்கின்றன. வெயிலிலும் இழுப்பிலும் அந்த நுனி மயிரிழை விலகினாலே போதும். ஒட்டிய இணைப்பில் 0.1 டெசிபல்கூடப் போகாது. லைன்மேன் வந்தால் ஸ்ப்ளைசிங் மெஷினோடு வரச் சொல்லி அடம் பிடியுங்கள்.

இரண்டாவது, மடிப்பு. சோபாவுக்குப் பின்னால், ஜன்னல் சட்டத்தில், ஆணிக்கு அடியில். சாதாரண ஃபைபருக்கு வளைவின் ஆரம் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மிச்ச ஒயரைச் சுருட்டினால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சுருட்டுங்கள், இறுக்கிக் கட்ட வேண்டாம். மூன்றாவது அணில். தென்னையும் வேம்பும் உள்ள தெருவில் கேபிளின் கறுப்புத் தோலைக் கடித்துவிடும், அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும்.

கனெக்டர் நிறத்தையும் பாருங்கள். பச்சை நுனி சாய்வாகச் சீவியது, நீலம் நேரானது. பச்சையை நீலத்தில் செருகினால் செருகும், ஒளி ஏராளமாக வீணாகும். கழற்றிய நுனியை விரலால் தொடாதீர்கள். கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவே பார்க்காதீர்கள், உள்ளே வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாத வகை.

அடாப்டரும் யுபிஎஸ்ஸும்

அடாப்டரை யாரும் சந்தேகப்படுவதில்லை. மோடம் நாளுக்கு நாலு தடவை தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் அணைந்து வருகிறது என்றால் முதலில் அதுதான். மீட்டரில் சும்மா பார்த்தால் 12 வோல்ட் காட்டும். மோடம் இழுக்கும்போது மின்னழுத்தம் சரியும், உள்ளே கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். அதே 12 வோல்ட்டில், ஆம்பியர் சமமாகவோ கூடவோ உள்ள இன்னொரு அடாப்டரை ஒரு நாள் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். வோல்ட்டை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

கரன்ட் கட்டுக்கு மினி யுபிஎஸ் வாங்குபவர்கள் பெட்டியில் போட்ட 8,000 எம்ஏஎச் எண்ணில் மயங்க வேண்டாம். அது 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு: 8 × 3.7, கிட்டத்தட்ட 30 வாட் மணி. மோடம் 9 வாட் இழுத்தால், இழப்பு போக இரண்டரை மணி நேரம். ரூட்டர் தனியாக இருந்தால் இன்னும் குறையும்.

வேகம் குறைந்தால்

300 எம்பிபிஎஸ் திட்டம் போட்டும் எப்போதும் 94, 95-லேயே நிற்கிறது என்ற புகாருக்குக் கம்பெனியைத் திட்ட வேண்டாம். லேன் கேபிளின் எட்டு இழையில் நாலு மட்டும் தொட்டாலும், மோடத்தின் போர்ட்டே 100 வகையாக இருந்தாலும் சரியாக அங்கேதான் நிற்கும். கேட்-5இ அல்லது கேட்-6 கேபிள் போட்டு, ஜிகாபிட் போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

மாலை 8 முதல் 11 வரை மட்டும் இழுக்கிறதா? கேபிளில் வேகச் சோதனையைக் காலை 6-க்கும் இரவு 9-க்கும் ஒரு வாரம் எடுத்து எழுதி வையுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அந்த ஏரியாவில் கம்பெனி தாங்கும் அளவுக்கு மேல் இணைப்பு கொடுத்திருக்கிறது. இதற்குத்தான் மாற்ற வேண்டும். அதற்கு முன் ஒன்று: சிசிடிவி, போனின் போட்டோ பேக்கப் எதுவும் அந்த நேரத்தில் மேலே ஏற்றவில்லையே என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்லோடு நிரம்பினால் பிங் 10-லிருந்து 300 மில்லிசெகண்டுக்கு எகிறும், ஜூம் கால் உடையும்.

புகார்

புகாரை லைன்மேனுக்கு வாட்ஸ்அப்பில் மட்டும் சொல்லாதீர்கள். அவர் நல்லவராகவே இருந்தாலும் அது கணக்கில் ஏறாது. கம்பெனி எண்ணில் பதிவு செய்து டாக்கெட் எண் (புகார் பதிவு எண்) வாங்குங்கள். தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் அப்பீல் அதிகாரிக்கு 30 நாளுக்குள் மேல்முறையீடு, கட்டணம் கிடையாது, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதி இது. தனிப்பட்ட புகாரை டிராய் நேராக விசாரிக்காது, அங்கே எழுதி நாளை வீணாக்க வேண்டாம். பணம் திரும்ப வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தேதி, நேரம், டாக்கெட் எண், ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு நோட்டில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

புது கம்பெனியிடம் கேட்க வேண்டியவை

புது கம்பெனியிடம் விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது: ஒயர் எந்தக் கம்பத்திலிருந்து வருகிறது, யார் பராமரிப்பது? நம் ஊர்களில் ஒரே கேபிள்காரர் இரண்டு கம்பெனிக்கு லைன் கொடுப்பது சாதாரணம். பில்லில் பெயர் மாறும், அணில் கடித்த கேபிள் அதேதான். மாடியில் ஏறி, இரண்டு ஒயரும் வெவ்வேறு வழியில் வருகின்றனவா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் அதே கம்பெனி இருந்தால் இரவு 9 மணிக்கு ஒரு வேகச் சோதனை போடச் சொல்லுங்கள்.

விளம்பர விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். அன்லிமிடெட் என்றாலும் மாதம் 3,300 ஜிபி போன்ற வரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் என்ன வேகம் என்று எழுத்தில் கேளுங்கள். பிராட்பேண்ட் என்று சொல்லவே குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேண்டும் என்று மத்திய அரசு 2023-இல் உயர்த்தியது. வரம்புக்குப் பின் 1 என்று போட்டிருந்தால் வேண்டாம். ஆறு மாதம், ஒரு வருடம் மொத்தமாகக் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம் என்பார்கள். முதல் மாதம் மட்டும் கட்டுங்கள், இன்ஸ்டலேஷன் பணம் போனாலும் பரவாயில்லை.

வெளியூரிலிருந்து வீட்டு கேமராவை, மோடத்தில் போர்ட் திறந்து (வெளியிலிருந்து உள்ளே வர வழி விட்டு), பார்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள். மோடத்தில் தெரியும் WAN முகவரி (வெளி இணையப் பக்கத்து முகவரி) 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் உங்களுக்குத் தனிப் பொது முகவரி இல்லை, போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது. ஸ்டாட்டிக் ஐபி (மாறாத தனிப் பொது முகவரி) கிடைக்குமா, எவ்வளவு என்று முன்பே கேளுங்கள்.

மாற்றும் நாள்

மாற்றும் நாளைப் பற்றி. பழையதை உடனே நிறுத்தாதீர்கள், பத்து நாள் இரண்டும் ஓடட்டும். முடிந்தால் ஒரு மழை நாள் அதில் வரட்டும். லைன்மேன் கிளம்பும் முன் பவர் மீட்டரில் ஒளி அளவைக் காட்டச் சொல்லிப் போட்டோ எடுங்கள். அந்த எண்தான் இனி உங்கள் அளவுகோல்.

புது மோடத்தில் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து பிசகாமல் அப்படியே போடுங்கள். டிவி, கேமரா, பிரிண்டர் எல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும். இரண்டும் ஒரே பெயரில் ஓடினால் குழம்பும், பழையதில் வைஃபையை அணைத்துவிடுங்கள். லேண்ட்லைன் எண் புதிய கம்பெனிக்கு நம்மோடு மாறி வராது. வங்கியிலோ கேஸ் ஏஜென்சியிலோ அந்த எண் இருந்தால் முதலில் மாற்றுங்கள்.

பிறகு யுபிஐ ஆட்டோபே ரத்து, எழுத்தில் கேன்சல் கோரிக்கை, அதற்கும் டாக்கெட் எண். பழைய மோடத்தைத் திருப்பும்போது சீரியல் எண் தெரியப் போட்டோ, அடாப்டரோடு சேர்த்து வாங்கிக்கொண்டதாக ரசீது. ரசீது தர மறுத்தால் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.