6 கனமீற்றர் தண்ணிக்கு எத்தனை பரல்?

களுவாஞ்சிக்குடி_மேசன்:
கொங்கிறீற் போடவும் நனைக்கவும் 6 கனமீற்றர் தண்ணி தேவை என்று எஸ்டிமேற்றில் இருக்கு. லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு மெசின்) இழுக்கும் பெட்டியில் பரல் கணக்கில்தான் தண்ணி வருது. போனில் தட்டினால் 1 கனமீற்றர் 6.29 பரல், ஆக 38 என்று காட்டுது. தண்ணி கொண்டு வாறவர் 30 போதும் என்கிறார். எது சரி அண்ணாமார்?

கல்லடிப்பாலம்:
போன் காட்டுவது மசகெண்ணெய் விலை சொல்லும் பரல், தம்பி. அது 42 அமெரிக்கக் கலன், 158.987 லீற்றர். 1000ஐ அதால் பிரித்தால்தான் 6.29 வரும். வீதியில் ஓடுவது டீசல், ஒயில் வந்த இரும்புப் பரல். அது 200 லீற்றர் அல்லது 208 லீற்றர் (55 அமெரிக்கக் கலன்). 200 லீற்றர் பரல் என்றால் கனமீற்றருக்கு 5, மொத்தம் 30. அதில் 38 இறக்கினால் 1600 லீற்றருக்குச் சும்மா காசு போகும்.

அக்கரைப்பற்று_அளவுநாடா:
30 என்பது நிரம்பிய பரலுக்கு மட்டும். மூடி வெட்டின பரல் பள்ளம் படுகுழியில் வந்தால் தளம்பி ஊற்றும், அதனால் அரையடி குறைத்துத்தான் நிரப்புவாங்க. வந்து நிற்கும்போது அளந்து பாருங்க. புடைத்த வளையங்களுக்கு மேல் நாடா போகாமல், சமமான இடத்தில் சுற்றளவு எடுங்க. அநேகமாக 180 சென்ரிமீற்றர் வரும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி 12.57ஆல் (4 × 3.1416) பிரித்தால் பரலின் வட்டப் பரப்பு வரும்: 180 × 180 ÷ 12.57 = 2578 சதுர சென்ரிமீற்றர். அதாவது ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்கு 2.58 லீற்றர். உள்ளே ஒரு தடியை நட்டு, நனைந்த உயரத்தால் பெருக்குங்க. 70 சென்ரிமீற்றர் நின்றால் 180 லீற்றர்தான். அப்போ 34 பரல் வேணும். நெளிந்த பரலுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. 20 லீற்றர் கானால் ஒருதரம் ஊற்றி, தண்ணி நிற்கும் இடத்தில் பெயின்ற் கோடு போடுங்க. நீல பிளாஸ்ரிக் பரலுக்கும் அதே வழிதான், அது ஒவ்வொன்று ஒவ்வொரு அளவு.

கல்லடிப்பாலம்:
அளவோடு பரலுக்குள்ளே முன்பு என்ன இருந்தது என்றும் கேளுங்க. ஒயில் படலம் கலந்தால் கொங்கிறீற்றின் பலம் குறையும். சீனிப்பாணி இருந்த பரல் இன்னும் மோசம், சீமெந்து இறுகவே பிந்தும். வாவிக்கரைக் கிணற்றுத் தண்ணி உப்பாக இருந்தால் கம்பி போடும் கொங்கிறீற்றுக்கு எடுக்க வேண்டாம், உள்ளே கம்பி துருப்பிடித்து வெடிப்பு விழும்.

களுவாஞ்சிக்குடி_மேசன்:
நன்றி. பரலை விட்டுத் தொட்டியில் இறக்கினால்? உள் அளவு 8 × 5 × 5 அடி.

அக்கரைப்பற்று_அளவுநாடா:
200 கன அடி, மணல் கணக்கில் 2 கியூப். கன அடிக்கு 28.32 லீற்றர், ஆக 5.66 கனமீற்றர். விளிம்பு முட்ட நிரப்பினாலும் 6 கொள்ளாது. முதலில் 5 கனமீற்றர் இறக்குங்க, மிச்சத்தைக் கொங்கிறீற் போட்ட பிறகு நனைக்க எடுக்கலாம். பெட்டியில் ஏற்றுவதென்றால் ஒரு நடைக்கு எத்தனை பரல் என்பதையும் பாருங்க: தண்ணி மட்டும் 5 பரலுக்கு ஒரு தொன், இரும்பின் நிறை அதுக்கு மேல்.